மண்ணின் பி.எச்சும் கால்சியம், மெக்னீசியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் முதலில் போய் நிற்பது, மண் அமிலமா காரமா என்று சொல்லும் பி.எச் என்ற கட்டத்தில்தான். அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு சுண்ணாம்பு போடலாமா, ஜிப்சம் போடலாமா, எதுவும் வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். அந்த எண் சொல்வது பாதிக்கதைதான். மீதிக்கதை தெரியாமல் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

பி.எச் 6.5-க்கும் 5.5-க்கும் ஒரு புள்ளிதானே வித்தியாசம்? அதற்கு ஏன் இவ்வளவு கவலை?

ஒரு புள்ளி என்பது பத்து மடங்கு. 1909-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரென்சன் என்ற வேதியியலாளர் இந்த அளவுகோலை வகுத்தபோதே, கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை மடக்கையில் சொல்லும் முறையாகத்தான் வகுத்தார். ஆகவே 5.5 உள்ள மண்ணின் நீரில் 6.5 உள்ள மண்ணைப் போல பத்து மடங்கு ஹைட்ரஜன் அயனி இருக்கிறது, 4.5 என்றால் நூறு மடங்கு. எண் இறங்க இறங்க அமிலம் ஏறுகிறது. 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்.

பெரும்பாலான பயிர்களுக்கு 6-க்கும் 7-க்கும் இடைப்பட்ட நிலை வசதியானது. ஆனால் 5.8 என்று வந்துவிட்டால் உடனே பதறவும் வேண்டாம்.

அமில மண்ணில் கால்சியமும் மெக்னீசியமும் மண்ணோடு பூட்டிக்கொள்ளும், செடிக்குக் கிடைக்காது என்கிறார்களே?

பரவலாகச் சொல்லப்படும் இந்த விளக்கம் பரவலாகவே தவறானது. அமில மண்ணில் மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) அது பொருந்தும். இரும்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து அது கரையாத சேர்மமாகிவிடும். கால்சியமும் மெக்னீசியமும் அப்படி அல்ல. அமில மண்ணில் அவை பூட்டிக்கிடக்கவில்லை. பெரும்பகுதி அங்கிருந்து போய்விட்டன, அவ்வளவுதான்.

எப்படிப் போகின்றன என்று பார்த்தால் மற்ற எல்லாம் புரிந்துவிடும். களித்துகள்களின் மேலும் மட்கின் மேலும் எதிர்மின் ஏற்றம் உள்ள இடங்கள் இருக்கின்றன. அவற்றை இருக்கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம், ஹைட்ரஜன், அலுமினியம் எல்லாமே நேர்மின் அயனிகள். இந்த இருக்கைகளில் உட்காரப் போட்டியிடுபவை. ஒரு மண்ணில் மொத்தம் எத்தனை இருக்கை உண்டு என்பதைத்தான் நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறன் என்று அறிக்கையில் குறிப்பிடுகிறார்கள். மணற்பாங்கான மண்ணில் இருக்கைகள் குறைவு. களிமண்ணிலும் மட்கு மிகுந்த மண்ணிலும் அதிகம்.

வளமான நடுநிலை மண்ணில் இந்த இருக்கைகளில் பெரும்பாலானவற்றில் கால்சியமும், அடுத்தபடியாக மெக்னீசியமும் இருக்கும். மண்ணில் அமிலம் ஏறும்போது ஹைட்ரஜனும், பின்னாலேயே அலுமினியமும் வந்து இவற்றை எழுப்பிவிடுகின்றன. எழுந்தவை மண்நீரில் கலக்கின்றன. அப்போது மழையோ அதிகப் பாசனமோ வந்தால் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு: கால்சியம் வெளியேறிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டத்தில் மண்நீரில் கால்சியம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்கக்கூடும். கிடைப்பது கூடுகிறது, கையிருப்பு கரைகிறது.

போதாததற்கு, மட்கிலும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளிலும் உள்ள எதிர்மின் இருக்கைகளே பி.எச் இறங்கினால் குறைந்துவிடும். உட்காரப் போட்டி கூடுகிறது, இருக்கையும் குறைகிறது. மிகவும் சிதைவுற்ற செம்மண் வகைகளில் இந்த இழப்பு பெரிது.

அப்படியானால், எந்த பி.எச்-இல் எந்தச் சத்து எவ்வளவு கிடைக்கும் என்று காட்ட, சத்துகளின் பெயருக்கு எதிரே அகலமும் ஒடுக்கமுமாகப் பட்டைகள் வரைந்த அந்தப் படம் பொய்யா?

பொய் இல்லை, ஆனால் அது அளந்து வரைந்த வரைபடமும் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமில் ட்ரூவோக் 1940-களில் பிரபலப்படுத்திய படம் அது. பட்டை அகலமாக இருக்கும் இடத்தில் சத்து தாராளமாகக் கிடைக்கும், ஒடுங்கும் இடத்தில் குறையும் என்று ஒரு போக்கைக் காட்டுவதற்காக வரைந்தது. கால்சியம், மெக்னீசியம் பட்டை ஏறத்தாழ 6.5 முதல் 8.5 வரை அகலமாக இருக்கும், இருபுறமும் மெலியும்.

அமிலப் பக்கத்தில் அது ஏன் மெலிகிறது என்று படம் சொல்வதில்லை. அங்கே வேதியியல் பூட்டு எதுவும் இல்லை. சரக்கு தீர்ந்துபோனதுதான் காரணம் என்பது படத்தைப் பார்த்துத் தெரியாது. இதனால் ஒரு நடைமுறைத் தவறு நிகழ்கிறது: ‘பி.எச்-ஐச் சரிசெய்தால் கால்சியம் தானாக விடுபடும்’ என்று நினைக்கிறார்கள். சுண்ணாம்பு போட்டால் கால்சியம் கூடுவது உண்மை. ஆனால் அந்தக் கால்சியம் மண்ணிலிருந்து விடுபட்டதல்ல, நீங்கள் போட்ட சுண்ணாம்பிலேயே வந்தது.

எதிர்ச்சான்றும் உண்டு. பாம்புப்பாறை எனப்படும் செர்பென்டைன் பாறையிலிருந்து உருவான மண்களில் பி.எச் நடுநிலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். பட்டைப் படத்தின்படி கால்சியம் தாராளமாகக் கிடைக்க வேண்டும். ஆனால் அந்தப் பாறையில் மெக்னீசியம் கொட்டிக்கிடக்கும், கால்சியம் அரிது. அங்கே வளரும் செடிகள் கால்சியப் பஞ்சத்துக்குப் பழகிய தனி வகைகள். பாறையில் இல்லாததை பி.எச் கொண்டுவந்து தராது.

கால்சியம், மெக்னீசியம் இரண்டில் முதலில் போவது எது?

பொதுவாக மெக்னீசியம். அதன் அயனி சிறியது. ஆனால் தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுகப் போர்த்திக்கொண்டே திரியும். அந்தப் போர்வையோடு பார்த்தால் கால்சியத்தைவிடப் பெரியது. ஆகவே இருக்கையில் கால்சியம் அளவுக்கு ஒட்டி உட்கார முடிவதில்லை, எளிதில் எழுப்பப்படுகிறது. மணற்பாங்கான அமில மண்ணில் மெக்னீசியப் பற்றாக்குறை முதலில் தலைகாட்டுவது இதனால்தான்.

மண்ணை அமிலமாக்குவது மழை மட்டும்தானா?

மழை மெதுவாகச் செய்யும் வேலையை உரம் வேகமாகச் செய்துவிடும். அம்மோனியம் உள்ள உரத்தை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது ஒவ்வோர் அம்மோனியத்துக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளியாகின்றன. அம்மோனியம் சல்பேட் வழியாக ஒரு கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுத்தால், அதன் அமிலத்தை ஈடுகட்ட ஏறத்தாழ 5 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் தேவைப்படும். யூரியா வழியாகக் கொடுத்தால் ஏறத்தாழ 2 கிலோ.

இதன் நீண்டகால விளைவைப் பார்க்க இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே 1856-இல் தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்றும் நடக்கிறது. ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் போட்டு, சுண்ணாம்பே போடாத பாத்திகளில் பி.எச் 4-க்கும் கீழே இறங்கிவிட்டது. பல வகைப் புல்பூண்டுகள் இருந்த இடத்தில் அமிலத்தைத் தாங்கும் ஓரிரண்டு புல்வகைகளே எஞ்சின. பக்கத்துப் பாத்தியிலும் அதே மண், அதே மழைதான்; வேறுபட்டது இட்ட உரமும் சுண்ணாம்பும்.

அறுவடையும் ஒரு காரணம். வைக்கோல், தீவனப்புல், பயறுவகைத் தழை என்று வயலிலிருந்து எடுத்துப்போகும் ஒவ்வொரு சுமையிலும் கால்சியமும் மெக்னீசியமும் போகின்றன. தானியத்தைவிடத் தழையில் இவை அதிகம் என்பதால், முழுச்செடியையும் வாரிக்கொண்டு போகும் சாகுபடி மண்ணை விரைவாக அமிலமாக்கும்.

அமில மண்ணில் செடி வளராததற்குக் கால்சியப் பற்றாக்குறைதான் காரணமா?

பல நேரங்களில் உண்மையான குற்றவாளி அலுமினியம். களியின் கட்டமைப்பிலேயே அலுமினியம் இருக்கிறது, பி.எச் 5.5-க்கு மேல் அது கரையாமல் அமைதியாகக் கிடக்கும். அதற்குக் கீழே இறங்க இறங்கக் கரைந்து வெளியே வரும். 5-க்குக் கீழே வேகம் எடுக்கும். வந்தவுடன் தாக்குவது வேர்நுனியை. வேர் நீள்வது நின்று, குட்டையாகவும் தடித்தும் கிளை குறைந்தும் போய்விடும்.

அதன் இரண்டாவது வேலை இன்னும் நுட்பமானது. வேரின் பரப்பில் கால்சியமும் மெக்னீசியமும் நுழையும் வாயில்களை அது அடைத்துக்கொள்கிறது. மண்ணில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச கால்சியத்தையும் செடியால் எடுக்க முடிவதில்லை. குட்டை வேர் என்பதால் கீழடுக்கு ஈரத்தையும் தொட முடியாது. நாலு நாள் வெயிலில் வாடிவிடும். தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைத்துப் பாய்ச்சிக்கொண்டே இருப்போம். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் பிரச்சினை எது என்று தெரிந்துவிடும்.

பி.எச் 8-ஐத் தாண்டிய மண்ணில் கால்சியம் ஏராளமாக இருக்குமே?

எந்த 8 என்பதைப் பொறுத்தது. இரண்டு வகை மண் இருக்கிறது; இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் குழப்பம்.

முதல் வகை சுண்ணாம்பு மண். இதில் கால்சியம் கார்பனேட் கட்டியாகவோ தூளாகவோ கலந்திருக்கும். அது மண்நீரோடும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் சமநிலைக்கு வரும்போது பி.எச் ஏறத்தாழ 7.5 முதல் 8.4 வரை நிற்கும். அதற்கு மேல் போகாது. இங்கே கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. தவிப்பது இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, மணிச்சத்து ஆகியவைதான். கால்சியம் மிகுந்து போட்டியிடுவதால் மெக்னீசியமும் பொட்டாசியமும் உள்ளே நுழைவது தடைப்படலாம்.

இரண்டாவது வகை களர் மண். பி.எச் 8.5-ஐத் தாண்டி 9, 10 என்று போனால் அங்கே சோடியம் கார்பனேட் இருக்கிறது என்று பொருள். கார்பனேட் மிகுந்ததால் கால்சியம் கரையாத சுண்ணாம்பாகப் படிந்துவிடுகிறது. காலியான இருக்கைகளில் சோடியம் வந்து அமர்கிறது. இருக்கைகளில் 15 சதவீதத்துக்கு மேல் சோடியம் இருந்தால் களர் மண் என்பது நெடுங்காலமாக வழங்கும் வரையறை. சோடியம் களித்துகள்களைப் பிரித்துவிடுவதால் மண் ஈரத்தில் சேறாகும், காய்ந்தால் கல்லாகும், நீர் இறங்காது. கால்சியம் உண்மையிலேயே பூட்டப்படுவது இங்கேதான், கார முனையில். பூட்டு அமில முனையில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பாசன நீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தால் நல்ல மண்ணும் மெல்ல இந்தப் பக்கம் நகரும். நீர் ஆவியாகும்போது கால்சியம் முதலில் கார்பனேட்டாகப் படியும். மெக்னீசியம் கார்பனேட் கூடுதலாகக் கரையக்கூடியது என்பதால் இன்னும் சிறிதுகாலம் தாக்குப்பிடிக்கும். கடைசியில் கரைசலில் மிஞ்சுவது சோடியம்.

மண்ணில் பி.எச்சும் சரி, கால்சியமும் சரி. ஆனாலும் தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுகிறதே?

மண்ணில் இருப்பது வேறு, காய்க்குப் போய்ச் சேர்வது வேறு. கால்சியம் செடிக்குள் நீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். எந்த உறுப்பு அதிகம் நீரை ஆவியாக்குகிறதோ அங்கேதான் அது போய்ச் சேரும். இலை நிறைய ஆவியாக்குகிறது. காய் மிகக் குறைவாகத்தான் ஆவியாக்குகிறது. இலையில் ஒருமுறை படிந்த கால்சியத்தைத் திரும்ப எடுத்துக் காய்க்கு அனுப்பும் வழியும் செடியிடம் இல்லை. ஆகவே காய் வேகமாகப் பருக்கும் அந்தச் சில நாட்களில் பாசனம் ஒருநாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக இருந்தால், காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராமல் திசு சிதைந்துவிடும். ஆப்பிளில் வரும் கசப்புக்குழி, கீரைக்கோசின் உள்ளிலை கருகுவது எல்லாம் இதே கதையின் வேறு வடிவங்கள்.

மருந்து பெரும்பாலும் சீரான ஈரம்தான். மூடாக்கு போடுங்கள், தழைச்சத்தை, குறிப்பாக அம்மோனியம் வடிவத்தில், அள்ளிக் கொட்டாதீர்கள். இதைச் செய்யாமல் சுண்ணாம்பை மேலும் மேலும் கொட்டி, கடைசியில் இரும்புப் பற்றாக்குறையையும் வரவழைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

நிலக்கடலை இன்னும் விசித்திரமானது. பூவிலிருந்து கிளம்பும் விழுது மண்ணுக்குள் இறங்கிய பிறகு, வளரும் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சுகிறது. வேர் எடுத்துக் கொடுப்பது அதற்குப் போதாது. காய் உருவாகும் மேலடுக்கில் கால்சியம் குறைந்தால் பொக்குக்காய்தான். பூக்கும் பருவத்தில் செடியைச் சுற்றி ஜிப்சம் இடச் சொல்வது அதனால்தான்.

இலையைப் பார்த்தே எது குறைவு என்று சொல்லிவிடலாமா?

ஓரளவு சொல்லலாம். மெக்னீசியம் செடிக்குள் நகரக்கூடியது. பற்றாக்குறை வந்தால் செடி அதைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கும். ஆகவே அடியிலைகளில், நரம்பு பச்சையாகவும் நரம்புக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் தெரியும். பச்சையத்தின் நடுவே இருப்பது மெக்னீசியம் அணு என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். ஆனால் இலையிலுள்ள மெக்னீசியத்தில் அது ஒரு பகுதிதான். நொதிகளை இயக்குவதும், இலையில் உருவான சர்க்கரையை வேருக்கு அனுப்ப உதவுவதும் அதன் வேலைகளே. மஞ்சள் கண்ணில் படுமுன்பே வேர் மெலிந்திருக்கும்.

கால்சியம் நகராது. ஆகவே கோளாறு குருத்தில், நுனியில், காயில் தெரியும்: இளம் இலை சுருண்டு, ஓரம் கருகி, வளர்நுனி மடியும். இரும்புப் பற்றாக்குறையும் நரம்பிடை மஞ்சளாகத்தான் வரும்; ஆனால் அது இளம் இலையில். அடியிலையா குருத்திலையா என்று முதலில் பாருங்கள். போரான் குறைவும் குருத்தைத்தான் தாக்கும் என்பதால் சந்தேகம் இருந்தால் இலைப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

சுண்ணாம்புக்கல், டோலமைட், ஜிப்சம்: எதை எப்போது?

மூன்றிலும் கால்சியம் இருக்கிறது. அதனாலேயே ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுவிடுகிறார்கள். அமிலத்தை முறிப்பது கால்சியம் அல்ல, அதோடு கூட வரும் கார்பனேட் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது. கார்பனேட் ஹைட்ரஜனைப் பிடித்து நீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது.

சுண்ணாம்புக்கல் தூள் கால்சியம் கார்பனேட். தூய நிலையில் 40 சதவீதம் கால்சியம். அமில மண்ணுக்கு முதல் தேர்வு. டோலமைட்டில் கால்சியத்தோடு மெக்னீசியமும் உண்டு. தூய டோலமைட்டில் 13 சதவீதம் மெக்னீசியம், ஏறத்தாழ 22 சதவீதம் கால்சியம். எடைக்கு எடை பார்த்தால் அமிலத்தை முறிக்கும் திறன் சுண்ணாம்புக்கல்லைவிடச் சற்றே அதிகம், ஆனால் மெதுவாகக் கரையும். மண் அமிலமாகவும் மெக்னீசியம் குறைந்தும் இருந்தால் டோலமைட் போடுங்கள். மெக்னீசியம் ஏற்கனவே மிகுந்த மண்ணில் அதைப் போட வேண்டாம்.

நீற்றுச் சுண்ணாம்பு வேறு விஷயம். அது கார்பனேட் அல்ல, ஹைட்ராக்சைடு. அதே எடைக்குச் சுமார் ஒன்றேகால் மடங்குக்கு மேல் வேலை செய்யும், வேகமாகவும் செய்யும். வேகம்தான் ஆபத்து: இளம் வேரைச் சுட்டுவிடும், பி.எச் தாறுமாறாக ஏறும். அம்மோனியம் உரத்தோடோ பச்சைத் தொழுவுரத்தோடோ கலந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடியே சாட்சி.

ஜிப்சம் கால்சியம் சல்பேட். அது பி.எச்-ஐ உயர்த்தாது. 23 சதவீதம் கால்சியமும் 18 சதவீதத்துக்கு மேல் கந்தகமும் தரும். சுண்ணாம்புக்கல்லைவிடப் பல மடங்கு கரையும், ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்கு மேல். மூன்று இடங்களில் அதற்கு வேலை உண்டு: பி.எச் சரியாக இருந்து கால்சியம் மட்டும் வேண்டும் என்றால். களர் மண்ணில் சோடியத்தை எழுப்பிவிட வேண்டும் என்றால். மேலே போட்ட சுண்ணாம்பு எட்டாத ஆழத்தில் அலுமினியத் தொல்லை இருந்தால். மூன்றாவதை பிரேசிலின் செராடோ சமவெளியில் பெரிய அளவில் செய்கிறார்கள். சல்பேட்டோடு சேர்ந்து கால்சியம் கீழடுக்குக்கு இறங்கி வேரை ஆழத்துக்கு அழைக்கிறது. களர் மண்ணில் ஜிப்சம் போட்டபின் நல்ல நீர் தேக்கி வடிக்காவிட்டால் எழுந்த சோடியம் அங்கேயே நிற்கும். வடிகால் இல்லாத இடத்தில் ஜிப்சம் போடுவது வீண்.

மெக்னீசியம் மட்டும் வேண்டும், பி.எச் மாறக்கூடாது என்றால் மெக்னீசியம் சல்பேட். நன்றாகக் கரையும், இலைவழியும் தெளிக்கலாம். ஆனால் அதில் மெக்னீசியம் 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழேதான். இலைத் தெளிப்பு ஒரு பருவத்தைக் காப்பாற்றும், மண்ணின் இருப்பை நிரப்பாது.

பி.எச் 5 என்று இருக்கிறது. எவ்வளவு சுண்ணாம்பு போட வேண்டும்?

பி.எச்-ஐ மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண்ணில் 20 சதவீதம் நீர் இருப்பதாகக் கொண்டால் அது 3 லட்சம் லிட்டர். பி.எச் 5 உள்ள அந்த நீரில் கரைந்திருக்கும் மொத்த ஹைட்ரஜன் அயனிகளையும் முறிக்க எவ்வளவு சுண்ணாம்புக்கல் வேண்டும் தெரியுமா? 150 கிராம். ஒரு கைப்பிடி, கொஞ்சம் மேலே.

ஆனால் நடைமுறையில் டன் கணக்கில் போடுகிறோம். ஏனென்றால் பி.எச் கருவி காட்டுவது மண்நீரில் உள்ள அமிலத்தை மட்டும். இருக்கைகளில் அமர்ந்திருக்கும் ஹைட்ரஜனும் அலுமினியமும்தான் உண்மையான கையிருப்பு. நீரில் உள்ளதை முறிக்க முறிக்க அங்கிருந்து எழுந்து வந்துகொண்டே இருக்கும். இருக்கைகள் குறைந்த மணல் மண்ணுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு போதும் என்றால், அதே பி.எச் உள்ள களிமண்ணுக்கு மூன்று நான்கு பங்கு தேவைப்படலாம்.

இந்தக் கையிருப்பை அளக்கத்தான் ஆய்வகத்தில் தாங்கல் கரைசல் (பி.எச் எளிதில் மாறாத கரைசல்) முறை இருக்கிறது. சுண்ணாம்புத் தேவை என்று அறிக்கையில் வரும். அதைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் சொல்லப்படும் அளவு எதுவானாலும் ஊகம்தான்.

போட்டபின் எத்தனை நாளில் பலன் தெரியும்?

நாள் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில். தூள் எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம். பொடிக்கல்லாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஈரம் வேண்டும், மண்ணோடு நன்றாகக் கலக்க வேண்டும். மேலே தூவிவிட்டு உழாமல் விட்டால் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்கூட இறங்காது. விதைப்புக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகப் போடச் சொல்வது இதனால்தான்.

7-க்கும் மேலே ஏற்றிவிட்டால் இன்னும் நல்லதுதானே?

இல்லை. மிகவும் சிதைவுற்ற அமில மண்களில் பி.எச்-ஐ 7 வரை ஏற்றும்போது, இருக்கைகளில் இருந்த மெக்னீசியமே குறைவதைக் கண்டிருக்கிறார்கள். அப்போதுதான் படியும் அலுமினிய ஹைட்ராக்சைடோடு சேர்ந்து அது சிக்கிக்கொள்கிறது. துத்தநாகம், மாங்கனீசு, போரான் ஆகியவையும் குறையும். அத்தகைய மண்ணில் அலுமினியம் அடங்கும் 5.5 முதல் 6 வரை வந்ததும் நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

கார மண்ணில் கந்தகம் போட்டு பி.எச்-ஐ இறக்கலாமா?

சுண்ணாம்பு கலவாத மண்ணில் இறக்கலாம். சுண்ணாம்பு மண்ணில் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு ஹெக்டேர் மண்ணின் எடை சுமார் 2,000 டன். அதில் 5 சதவீதம் சுண்ணாம்பு என்றால் 100 டன். அத்தனையையும் கரைக்க 32 டன் கந்தகம் வேண்டும். அந்தச் சுண்ணாம்பு தீரும்வரை பி.எச் நகராது. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுக்குக் கந்தகம் போட்டுவிட்டு ‘இறங்கவில்லையே’ என்று வருந்துபவர்கள் அதிகம். அங்கே பயிர்த் தேர்வை மாற்றுவதும், நுண்சத்துகளை இலைவழி கொடுப்பதும், வேர்ப்பகுதியில் மட்கு சேர்ப்பதும்தான் கைக்கு எட்டும் வழிகள். தொட்டியில் வளர்ப்பவருக்கு இந்தக் கவலை இல்லை, மண்கலவையையே மாற்றிவிடலாம்.

கால்சியமும் மெக்னீசியமும் இந்த விகிதத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை பார்த்தேன். உண்மையா?

இருக்கைகளில் 65 சதவீதம் கால்சியம், 10 சதவீதம் மெக்னீசியம், 5 சதவீதம் பொட்டாசியம் என்ற அந்த ‘உன்னத மண்’ 1940-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஃபிர்மன் பேர் (Bear) என்ற மண்ணியலாளரின் குழு செய்த ஆய்விலிருந்து வந்தது. மிசௌரியின் மண்ணியலாளர் வில்லியம் ஆல்பிரெக்ட் வழியாகப் பரவியது. பின்னாளில் பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் கோபிட்கே, மென்சீஸ் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, அந்த விகிதத்துக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை என்று காட்டியது. இரண்டு சத்தும் போதுமான அளவு இருந்தால், விகிதம் அகலமான எல்லைக்குள் எங்கே இருந்தாலும் விளைச்சல் மாறுவதில்லை. செர்பென்டைன் போன்ற கடைக்கோடி மண்களை விட்டுவிடுங்கள். மற்றபடி விகிதத்தைத் துரத்திப் பணம் செலவழிக்க வேண்டாம்.

பொட்டாஷ் போட்ட பிறகு மெக்னீசியம் குறைவு தெரிவது ஏன்?

வேர்வாயிலில் நடக்கும் போட்டி. பொட்டாசியம் வேகமாக உள்ளே போகும், மெக்னீசியம் பின்தங்கும். அம்மோனியமும் அப்படியே செய்யும். இது எதிர்த்திசையில் பெரிதாக நடப்பதில்லை. கால்நடை வளர்ப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. பொட்டாஷும் தழைச்சத்தும் தாராளமாகப் போட்ட இளம்புல்லில் மெக்னீசியம் 0.2 சதவீதத்துக்குக் கீழே போனால், அதை மேயும் கறவை மாடுகளுக்கு இரத்தத்தில் மெக்னீசியம் இறங்கி வலிப்பு வரும் அபாயம் இருக்கிறது.

முட்டை ஓடு, மரச்சாம்பல் போதாதா?

முட்டை ஓட்டில் ஏறத்தாழ 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். பொருள் நல்லதுதான், கையால் நொறுக்கிப் போட்டால் பல ஆண்டு கழித்தும் ஓடாகவே இருக்கும். மாவாக அரைத்தால் பயன் உண்டு. மரச்சாம்பல் வேகமாக வேலை செய்யும், அதில் பொட்டாசியமும் நிறைய. கார மண்ணில் இரண்டுமே தேவையில்லை.

நெல் வயலுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

நீர் தேங்கியதும் கணக்கு மாறுகிறது. காற்று நுழையாத நிலையில் இரும்பு ஆக்சைடுகள் ஒடுக்கமடையும்போது (ஆக்சிஜனை இழக்கும்போது) ஹைட்ரஜன் செலவாகிறது. அமில மண்ணின் பி.எச் சில வாரங்களில் 6.5-ஐ நோக்கி ஏறும். கார மண்ணில் கரியமில வாயு தேங்குவதால் பி.எச் இறங்கும். இரண்டும் நடுநிலைக்குப் பக்கத்தில் சந்திக்கின்றன. கரையும் இரும்பும் மாங்கனீசும் இருக்கைகளிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எழுப்பிவிடும் என்பதால், அந்த வாரங்களில் நீரை வடித்தால் அவையும் வடிந்துபோகும். வயல் காய்ந்ததும் பி.எச் பழைய இடத்துக்கே திரும்பும். அடுத்து வரப்போவது உளுந்தோ காய்கறியோ என்றால் காய்ந்த மண்ணின் பி.எச்தான் கணக்கு.

தேயிலை போன்ற அமிலம் விரும்பும் பயிர்களுக்குக் கால்சியம் வேண்டாமா?

வேண்டும், குறைவாக. 4.5 முதல் 5.5 வரையிலான மண்ணில் அலுமினியத்தைச் சமாளிக்கத் தெரிந்த செடிகள் இவை. தேயிலை அதை இலையிலேயே சேர்த்துவைத்துக்கொள்ளும். பி.எச் ஏறினால் அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் இரும்புப் பற்றாக்குறை. கால்சியம் தேவையென்றால் ஜிப்சமாகக் கொடுங்கள்.

என் அறிக்கையில் கால்சியம் மிக மிக அதிகம் என்று வந்திருக்கிறது. நம்பலாமா?

மண் சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இருக்கைகளில் உள்ள அயனிகளை அளக்க வழக்கமாகப் பயன்படுத்தும் அம்மோனியம் அசிட்டேட் கரைசல், மண்ணில் கட்டியாகக் கிடக்கும் சுண்ணாம்பையும் சிறிது கரைத்துவிடும். அதுவும் சேர்ந்து கணக்கில் வந்துவிடுவதால் கால்சியம் ஊதிப்பெருகித் தெரியும். அளந்த அயனிகளையெல்லாம் கூட்டி அதையே பரிமாற்றத் திறன் என்று சொல்லும் அறிக்கையில் மொத்த எண்ணும் கூடவே ஏறும், மெக்னீசியத்தின் சதவீதம் செயற்கையாகக் குறையும். அதைப் பார்த்துத்தான் ‘மெக்னீசியம் போதாது’ என்று சிலர் மூட்டை மூட்டையாக வாங்குகிறார்கள். சதவீதத்தை விட்டுவிட்டு, மெக்னீசியம் ஒரு கிலோ மண்ணுக்கு எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணைப் பாருங்கள்.

பி.எச் எந்தக் கரைசலில் அளக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். தூய நீரில் அளந்ததைவிடக் கால்சியம் குளோரைடு கரைசலில் அளந்தால் எண் அரைப் புள்ளியோ அதற்குச் சற்று மேலோ குறைவாக வரும். சென்ற முறை ஒரு முறையிலும் இந்த முறை வேறொரு முறையிலும் அளந்துவிட்டு, மண் அமிலமாகிவிட்டது என்று சுண்ணாம்புக்கு ஓடியவர்களும் உண்டு.